ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பவர் டேபிள் ஷெட்டில் மத்தியானத்தோடு தையல் நின்றுவிடும். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்து எட்டு மிஷின். அவரவர் உட்காரும் மிஷினை அவரவரே கழற்றித் துடைப்பார்கள். ஊசித் தகட்டுக்கு அடியில் மாசக்கணக்கில் அப்பிக்கிடந்த பஞ்சு எண்ணெயில் ஊறி, கறுத்து, கட்டி கட்டியாக வரும். கைமடிக்கிற அக்காக்கள் தரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு அன்றைக்கு இதே வேலைதான். எதிர்வீட்டு ரேடியோவில் என்ன பாட்டு ஓடுகிறது என்பதே அன்று ஒரு நாள்தான் எங்கள் காதில் விழும்.

மறுநாள் மற்ற கம்பெனிகளில் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், வாசலில் வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய். எங்கள் ஷெட்டில் அது கிடையாது. அப்பா சி.எஸ்.ஐ. சபைக்காரர். பொரி, கடலை, லட்டு, ஆளுக்கொரு புதுத்துணி கொடுத்து, சின்னதாக ஒரு ஜெபம் செய்து எல்லாரையும் அனுப்பிவிடுவார். அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர் ஒரு வருஷம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனுங்கண்ணா, நான் உக்கார்ற மிஷினுக்கு மட்டும் ஒரு பொட்டுச் சந்தனம் வெச்சுக்கட்டுங்களா?" அப்பா அவர் தோளில் கை வைத்து, "வேண்டாம் தம்பி, நம்ம ஷெட்ல அந்தப் பழக்கம் இல்ல" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அவரும் "சரிங்கண்ணா" என்று பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரம் ஞாயிறு பள்ளியில் எங்களுக்குத் தாகோன் கதை. பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுபோய்த் தங்கள் சாமிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். காலையில் வந்து பார்த்தால் தாகோன் குப்புற விழுந்து கிடக்கிறது. தூக்கி நிறுத்துகிறார்கள். மறுநாள் தலையும் கைகளும் தனித்தனியாக வாசற்படியில் கிடக்கின்றன. எங்களுக்குக் கைதட்டிக் கேட்கிற கதை அது. விக்கிரகம் என்றால் அடுத்தவர் வீட்டுப் பொருள் என்பதில் எங்கள் வகுப்பில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கதையைச் சொன்னேன். அவர் சுவரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல ஒண்ணும் இல்ல பாத்தியா" என்றார். பார்த்தேன். சபைக் காலண்டர், ஒரு வசனப் பலகை, டிரங்குப் பெட்டியின் மேல் வேதப்புத்தகம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ.

அப்பாவுக்குச் சொந்த ஊர் நாசரேத்துக்கு அந்தப் பக்கம், செம்மண் தேரியில் ஒரு வேதக்கார ஊர். பிழைப்புத் தேடி 1984-இல் திருப்பூருக்கு வந்தார். சிங்கர் மிஷினில் உட்கார்ந்து கை பழகுவதற்குள் பஞ்சப்படி கேட்டு ஊர் முழுக்க ஸ்டிரைக். 127 நாள் நடந்தது. திருப்பூர்த் தொழிலாளர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் போராட்டம் அது. அப்பாவும் அதைக் குறை சொன்னதில்லை. ஆனால் அவர் ஊருக்குப் புதுசு. கடையில் கடன் சொல்ல ஒரு முகம் தெரியாது. ஊருக்குத் திரும்பிப் போக மானம் விடவில்லை. அந்த நாலு மாசமும் என்ன சாப்பிட்டார் என்று அம்மா பல தடவை கேட்டிருக்கிறாள். அவர் சொன்னதில்லை. "மிஷின் நிக்கக் கூடாது" என்பது மட்டும் அவர் வாயில் எப்போதும் வரும். இருதயத்தில் அந்நிய தேவன் குடியேறுவது ஆசையினால் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அது பசியைப் பார்த்த பயத்தோடு வந்தது. அதனாலேயே அதை அடையாளம் காண இவ்வளவு காலம் பிடித்தது என்று நினைக்கிறேன். பேராசைக்காரனை ஊர் திட்டும்; பயந்து உழைக்கிறவனை ஊர் மெச்சும்.

டெய்லராக இருந்து, காண்டிராக்ட் எடுத்து, இரண்டு மிஷின் வாங்கி, அது எட்டானது. ஏற்றுமதி ஏறிக்கொண்டிருந்த காலம். எந்த நாட்டுக்கு எத்தனை பீஸ் அனுப்பலாம் என்பதற்கு அப்போது கோட்டா இருந்தது. 2004 முடிய இருந்தது. கோட்டா கையில் இருக்கும்போதே சரக்கை ஏற்றிவிட வேண்டும் என்று கம்பெனிகள் பறக்கும். அந்த அவசரம் அப்படியே இறங்கி, கட்டிங் போட்ட பண்டல்களோடு எங்களைப் போன்ற சின்ன ஷெட்டுகளின் தலையில் வந்து உட்காரும்.

திருப்பூரில் நேரத்தை ஷிப்டில்தான் சொல்வார்கள். காலை எட்டரைக்கு உட்கார்ந்து சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். எட்டரை வரை இழுத்தால் ஒன்றரை. நடுராத்திரி தாண்டினால் இரண்டு. சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு லீவு. அந்த லீவில்தான் முதலில் கை வைக்கப்பட்டது. ஆராதனை முடிந்து வந்து பதினொரு மணிக்கு மேல் அரை ஷிப்ட் என்று ஆரம்பித்தது. பிறகு அம்மாவும் நானும் முன்னால் போக, அப்பா பிரசங்க நேரத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு நற்கருணை ஞாயிறு மட்டும் வந்தார். அப்புறம் அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "இந்த ஷிப்மென்ட் போவட்டும்."

வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் எங்கள் ஊருக்கு ஆடி, ஆவணியிலேயே வந்துவிடும். டிசம்பரில் அங்கே கடையில் தொங்க வேண்டுமென்றால் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இங்கிருந்து கன்டெய்னர் அதற்கு எவ்வளவோ முன்னால் கிளம்பியாக வேண்டும். நட்சத்திரமும் கலைமானும் சிவப்புத் தொப்பித் தாத்தாவும் அச்சடித்த குழந்தைச் சட்டைகள் ஷெட் முழுக்கக் குவிந்து கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் டிரிம்மரை எடுத்துக்கொண்டு பிசிறு வெட்ட உட்காருவேன். ஒரு ஆவணி ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. தூரத்தில் ஆலய மணி அடிக்கிறது. இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. அப்பா தலை நிமிரவில்லை. இயேசு பிறந்த நாளுக்கான சட்டைகளுக்குக் கழுத்துப் பட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

வீட்டில் ஜெபம் நின்றுவிடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் குடும்ப ஜெபம் உண்டு. ஆனால் அதில் என்ன இருந்தது? கரண்ட் போகக் கூடாது, டெய்லர்கள் லீவு போடக் கூடாது, இன்ஸ்பெக்ஷனில் பீஸ் ரிஜெக்ட் ஆகக் கூடாது, பில் பாஸாக வேண்டும். ஊரில் சுகமில்லாமல் இருந்த சித்தப்பாவின் பெயர் அந்த ஜெபத்திலிருந்து எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. புதுவருஷ ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை அப்பா மெயின் சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒட்டியிருந்தார். பெருகப்பண்ணுவேன் என்கிற மாதிரி ஒரு வசனம். காலையில் மெயினைப் போடுவதற்கு முன் அந்த அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தொட்ட விரலாலேயே சுவிட்சைத் தள்ளுவார். அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அந்தச் சமயத்தில் ஆச்சி ஊரிலிருந்து வந்தாள். கண் புரை விழுந்து, எழுத்து தெரியாமல் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவையும் என்னையும் கோயிலுக்குப் போகவிடவில்லை. நாற்காலியை ஷெட்டுக்குள் போடச் சொன்னாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எசேக்கியேல் பதினாலு எடுத்து வாசிட்டி, நல்லா சத்தமா வாசி" என்றாள். எட்டு மோட்டார் ஓடுகிற இரைச்சலில் தொண்டை கிழிய வாசித்தேன். இஸ்ரவேலின் மூப்பர் சிலர் தீர்க்கதரிசியிடம் வந்து உட்காருகிறார்கள். வேறொரு சாமியிடம் போனவர்கள் இல்லை. கர்த்தரிடம் விசாரிக்க என்று வந்தவர்கள். ஆனால் விக்கிரகங்களை இருதயத்துக்குள் நட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவர்களுக்கு நான் மறுமொழி சொல்ல வேண்டுமா என்று கர்த்தர் கேட்கிறார்.

டெய்லர்கள் ஒவ்வொருவராகக் காலை எடுத்தார்கள். கடைசியில் அப்பாவும் மிஷினை நிறுத்தினார். ஆச்சி மகனைப் பார்த்துச் சொன்னாள்: "எய்யா, அந்தத் தம்பி வருசத்துக்கு ஒரு நாள் மிசினுக்குப் பொட்டு வைக்கேன்னான், நீ வேண்டாம்னுட்ட. அவன் அந்த ஒரு நாளாவது அத நிறுத்தித் தொடச்சி வச்சாம்லா. நீ எப்பய்யா நிறுத்துவ?"

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மிஷின் மறுபடி ஓடியது. இதுபோன்ற கதைகளில் அந்த நிமிஷமே மனம் திரும்பிவிடும். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. ஆச்சி ஊருக்குப் போய்விட்டாள். ஷிப்மென்ட் போனது, அடுத்தது வந்தது.

அப்பாவை உலுக்கியது அந்த ஓவர்லாக் டெய்லர்தான். மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றார். அப்பா கெஞ்சினார். இரட்டைச் சம்பளம் தருகிறேன் என்றார். காதுகுத்தை அடுத்த மாசம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சர்ச்சுக்குப் போறதில்லீங்கண்ணா. நான் கோயிலுக்குப் போகோணுமுங்க" என்றார். குத்திக் காட்டுகிற ஆள் இல்லை அவர். உள்ளதைச் சொன்னார். நான் பிசிறுக் கூடைக்குப் பக்கத்தில் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மிஷினின் தலையில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

சந்தனம் வேண்டாம் என்று அந்த மனிதரைத் தடுத்தது கர்த்தருக்காக என்று அப்பா நம்பியிருந்தார். இப்போது காதுகுத்துக்குப் போகாதே என்று தடுப்பது யாருக்காக? இந்தக் கேள்வியை அவர் பிறகு பல வருஷம் சபை வாலிபர்களிடம் கேட்டிருக்கிறார். இருதயத்து விக்கிரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அவர் ஷெட்டிலிருந்து வந்தவைதான். எதைத் தொட்டால் உனக்குப் பதறுகிறது? எதற்காக இன்னொருவனின் பிள்ளையுடைய நாளைப் பிடுங்கத் துணிகிறாய்? ஜெபத்தில் யார் பெயர் விழுந்துபோயிற்று?

விடுபட்டது மெல்லத்தான். அந்தச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்ததும் அப்பா மெயினை இறக்கினார். ஷெட்டைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்து, "திங்கக்கிழமை காலைல வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காத" என்றார். ஞாயிறு முழுக்கத் தவித்தார். ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் முழங்காலின் மேல் துணியைத் தள்ளுவதுபோல் தானாக நகர்ந்தன. மத்தியானம் இரண்டு தடவை சாவி கேட்டார். அம்மா கொடுக்கவில்லை. யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை அவர் பிடித்துக்கொண்டது அப்போதுதான். ஆறாம் நாள் இரண்டு பங்கு மன்னா சேர்க்கச் சொல்லியிருந்தும், ஏழாம் நாளும் சிலர் கூடையோடு வெளியே போகிறார்கள். அங்கே ஒன்றும் இல்லை. அப்பா அந்த அதிகாரத்தைச் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு வாசித்தார். மருந்து குடிக்கிறவர் முகத்தோடு வாசித்தார். வாக்குத்தத்த அட்டையைச் சுவிட்ச் போர்டிலிருந்து பிய்த்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்தார்.

ஞாயிறு ஓட்டாத ஷெட்டுக்கு அவசர ஆர்டர் தர முடியாது என்று நாங்கள் வேலை செய்துகொடுத்த கம்பெனி கைவிரித்துவிட்டது. எட்டு மிஷின் ஐந்தானது. விற்ற மூன்றும் திரும்ப வரவில்லை. உண்மையாயிருந்தால் இழந்தது இரட்டிப்பாக வரும் என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு வரவில்லை. எனக்கு அந்தச் சாட்சிகளைக் கேட்கும்போது வருத்தம் வரும். மறுபடியும் அந்தப் பெருக்கத்தைத்தானே கும்பிடக் கற்றுக்கொடுக்கிறோம்? எங்களுக்குக் கிடைத்தது அப்பா. ஞாயிறு மத்தியானம் எலும்புக் குழம்பு வாசனையில் திண்ணையில் படுத்து, எனக்கு ஊர்க் கதை சொன்ன அப்பா. சித்தப்பாவின் பெயர் ஜெபத்துக்குள் திரும்பி வந்தது.

இறக்கிய இடம் காலியாக இருக்காது என்பதை அம்மா முதலில் கண்டுகொண்டாள். நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அப்பாவின் ஜெபம் முழுக்க என் மார்க்காக இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்புவார். ரேங்க் இரண்டு இடம் இறங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. "ஏங்க, மிஷினை எடுத்துட்டு அங்க புள்ளையத் தூக்கி வச்சிட்டீங்களே" என்று அம்மா ஒரு ராத்திரி சொன்னாள். எனக்கு அது மூச்சு விட இடம் கொடுத்த வார்த்தை. பெற்றவர்களின் விக்கிரகமாக இருப்பது பிள்ளைக்குச் சுகமான வேலை இல்லை.

சபையிலும் இதெல்லாம் இருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் ஊரில் பூசணிக்காய், வாழைத்தாரோடு டீ-சர்ட் பெட்டிகளும் நூல் கோன்களும் பீடத்தின் முன்னால் வந்து சேரும். அழகான காட்சி அது. ஏலம் ஆரம்பித்ததும் அந்த அழகு கலைந்துவிடும். ஒரு தேங்காயை யார் அதிகத் தொகைக்கு எடுப்பது என்று இரண்டு முதலாளிகள் முட்டிக்கொள்வார்கள். கூட்டம் கைதட்டும். பொருளாசையை விக்கிரகாராதனை என்று பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நேரடியாகச் சொல்கிறார். அந்த வசனத்தை வைத்து ஏலத்தன்று யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளுக்குக் கரண்ட் துண்டிக்கப்பட்டது. சாயம் போடாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. வெளியூர் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார்கள். வழக்குப் போட்டவர்கள் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரிக்குப் போகிற ஆறு அது. அப்போதெல்லாம் எங்கள் ஊரைத் தாண்டும்போது எந்த நிறத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்பதை அதன் தண்ணீரில் பார்த்துவிடலாம். பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். சாயக்கழிவு வந்து நின்றதைப் பார்த்து, அந்த விவசாயிகளே தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்கும்படி ஆயிற்று.

சாயப்பட்டறை திறக்க வேண்டும் என்று சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். நானும் போயிருந்தேன். ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணீரோடு ஜெபித்தார்கள். பொய்யான கண்ணீர் இல்லை. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அப்பா எழுந்து, ஆற்றின் கீழே இருக்கிறவர்களுக்காகவும், வழக்குப் போட்டவர்களுக்காகவும், உப்பாகிப்போன அவர்கள் கிணறுகளுக்காகவும் ஜெபித்தார். முன் பெஞ்சில் முணுமுணுப்பு. முடிந்து வெளியே வந்ததும் ஒரு பெரியவர், "தொழில் போனா ஊரே இல்லங்க, நீங்க யார் பக்கம்?" என்று கேட்டுவிட்டார். எபேசு பட்டணத்துத் தட்டான் தெமேத்திரியு எனக்கு நினைவுக்கு வந்தான். பவுலின் பிரசங்கத்தால் வெள்ளி வேலை படுத்துவிடும் என்று தொழிலாளிகளைக் கூட்டி, முதலில் நம் பிழைப்பு என்று பேசுகிறான், அப்புறம்தான் தியானாளின் மகிமை என்கிறான். அப்பா பெரியவரிடம் வாதாடவில்லை. அடுத்த உபவாச ஜெபத்துக்கான விண்ணப்பத் தாளில் விவசாயிகளையும் சேர்த்து எழுதும்படி சபைப் போதகர் ஐயரிடம் போய்க் கேட்டார். ஐயர் எழுதினார்.

அந்த மாதங்களில் அப்பாவுக்குப் பயமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று அம்மா சொன்னாள். மூன்றாவது வாரம் மீதமிருந்த டெய்லர்களையும் கைமடிக்கிறவர்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். அம்மா எல்லாருக்கும் சோறு போட்டாள். 1984-இல் தான் என்ன சாப்பிட்டேன் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார்: பகலில் வறுகடலையும் தண்ணீரும், சில நாள் வெறும் தண்ணீர். பிறகு வங்கியில் போட்டு வைத்திருந்ததை எடுத்து வந்து, வேலை இல்லாத வாரங்களுக்கும் பாதிச் சம்பளம் என்று கணக்குப் போட்டு ஆளாளுக்குக் கொடுத்தார். கையிருப்பு தீரும்வரை சனிக்கிழமைதோறும் கொடுத்தார்.